வெயில் காருக்கு முன்பதிவு

என் நைனாவுக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு வரும் நோய். குடிபாலாவில் கரும்பு போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது சித்தூரில் என்னோடும் அம்மாவோடும் இருக்கிறார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் சின்ன மிஷின் ஒன்று எந்நேரமும் அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் குழாய் மூக்கில். வீட்டில் மிஷினைச் சுவர் பிளக்கில் மாட்டுவோம். வெளியே போனால் காரில் செருகுவோம். அதற்குள்ளேயே பேட்டரி உண்டு என்றாலும் அது பழசாகிவிட்டது, அதிக நேரம் தாங்காது.

எங்கள் கார் கரண்டில் ஓடுவது. கைமாறி வந்தது. அதாவது காரின் ஓட்டமும் நைனாவின் மூச்சும் ஒரே பேட்டரியிலிருந்து வந்தன. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிற எனக்கு இது அந்த மே மாதம் வரை உறைக்கவே இல்லை.

திருப்பதியில் நுரையீரல் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு சூறைக்காற்று அடித்து, தெருவில் கரண்ட் போய்விட்டது. நைனாவின் மிஷினை இன்வெர்ட்டரில் ஓட்டினோம், காருக்கு அது போதாது. விடிந்து பார்த்தால் காரில் பாதிகூட சார்ஜ் இல்லை. வழியில் ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜர் இருப்பது தெரியும் என்பதால் கிளம்பிவிட்டேன். நைனா முன் சீட்டில், அம்மா பின்னால். பின்னாலிருந்து கையை நீட்டி நைனாவின் தோளைத் தொட்டுக்கொண்டே வருவது அம்மாவின் வழக்கம்.

ஓட்டல் சார்ஜரின் திரை கறுப்பாகக் கிடந்தது. கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்தார்.

"நேத்துலருந்து வேலை செய்யல மேடம். கம்ப்ளைன்ட் குட்த்துக்கீறோம்."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஏசியைக் குறைத்து, நிதானமாக ஓட்டினால் திருப்பதி வரை போய்விடலாம். மிஞ்சாது, ஆனால் போய்விடலாம். போனேன்.

தாமலசெருவுக்கு முன்னால் மாங்காய் லாரி ஒன்று சாலையின் குறுக்கே சாய்ந்திருந்தது. வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. எங்களுக்குப் பின்னாலும் நிறைந்துவிட்டன. திரும்ப வழியில்லை.

முதலில் எனக்குப் பயமில்லை, எரிச்சல்தான். பிறகு சார்ஜ் எண்ணைப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே அது இறங்கிக்கொண்டிருந்தது. ஏசியை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் நைனாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது, மூச்சு வேகமானது. அந்தச் சூட்டை அவரால் தாங்க முடியாது. மறுபடி ஏசியைப் போட்டேன். எண் இன்னும் இறங்கியது. போட்டேன், அணைத்தேன். எதைச் செய்தாலும் அவர் மூச்சிலிருந்துதான் எடுக்கிறேன் என்று தோன்றியது.

"இன்னாம்மா, அதையே பாத்துக்கினு கீற?" என்றார் நைனா.

"ஒண்ணுமில்ல நைனா. நீ பேசாத. மூச்சை மெதுவா இழு."

"லாரிய தூக்கிடுவாங்க" என்றாள் அம்மா பின்னாலிருந்து. என் முகம் அவளுக்குக் கண்ணாடியில் தெரிந்திருக்க வேண்டும், குரல் சரியாக இல்லை.

கார் எச்சரிக்கை ஒலி எழுப்பியது. சிறிது நேரம் கழித்துத் திரை மங்கியது. நைனாவின் மிஷின் தன் சொந்த பேட்டரிக்கு மாறிக்கொண்டு விட்டுவிட்டுக் கூவத் தொடங்கியது. இனி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட அவர் விரலில் மாட்டியிருந்த அளவுமானியைப் பார்க்கவே துணிவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். கார் கூரையில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. இவ்வளவு வெயில் மேலே கொட்டிக்கொண்டிருக்க, கீழே ஒரு சொட்டு கரண்ட் இல்லாமல் நிற்கிறோம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் அது கோபமாகக்கூட வரவில்லை.

சாலையோர மாந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு ஒன்று தெரிந்தது. செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடினேன். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வாசலில் மாங்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கரெண்ட் உந்தா?"

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற நொடியில் பயந்தது போல நான் வேறெப்போதும் பயந்ததில்லை.

"உந்தம்மா. ஏமைந்தி?" என்றாள். கரண்ட் இருக்கிறது, என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். சாலையைக் காட்டினேன். அவள் எழுந்து, உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

நின்றிருந்த பஸ்ஸிலிருந்து இரண்டு ஆண்கள் இறங்கி வந்தார்கள். நைனாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். மிஷினை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா பக்கத்திலேயே வந்தாள். பாதி வழியில் அதன் கூவல் நின்றது. அணைந்துவிட்டது. நைனாவின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் நான்தான் என்று தெரிந்து பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்குள் அந்தப் பெண் டிவி பிளக்கைப் பிடுங்கி எறிந்து இடம் கொடுத்தாள். செருகினேன். மிஷின் ஒரு முறை முனகி ஓட ஆரம்பித்தது. அப்போதும் பயம் போகவில்லை. அளவுமானியில் எண் ஏறும்வரை அம்மா நைனாவின் கால் பக்கத்தில் உட்கார்ந்து அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எண் மெல்ல ஏறியது. உதட்டில் நிறம் வந்தது. "மோர் கீதா?" என்று நைனா கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. மோர் மட்டும் புரிந்தது, கொண்டுவந்தாள். நான் தோப்புக்குள் போய் நின்று அழுதேன்.

சாலை திறந்ததும் காரைத் தள்ளி வந்து அந்த வீட்டிலேயே சார்ஜ் போட்டோம். சாயங்காலம்தான் திருப்பதி போய்ச் சேர்ந்தோம். டாக்டர் காத்திருந்து பார்த்தார். மிஷினுக்கு உடனே புது பேட்டரியும், கூடவே ஒரு உபரியும் வாங்கச் சொன்னார். வாங்கினோம்.

அதன் பிறகு எனக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே வேர்த்தது. கல்லூரிக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் ஓய்வறையில் கைப்பேசியில் அந்தக் காரைப் பார்த்தேன். வெளிநாட்டில் ஒரு கம்பெனி செய்கிறது. மூன்று சக்கரம், மீன் மாதிரி உடம்பு, கூரையிலும் முன்பக்க பானட்டிலும் பின்புறத்திலும் சோலார் தகடுகள். எடை குறைவு, காற்று தடுக்காத வடிவம், அதனால் கொஞ்சம் கரண்டிலேயே வெகுதூரம் போகும். நிறுத்திவைத்த இடத்தில் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு, ஒரு பகல் முழுக்க நின்றால் திருப்பதி போகிற அளவு ஏறிவிடும் என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுநாளும் போட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்கே அதைக் கணக்காகக் கொடுத்தேன். பார்ப்பவரிடமெல்லாம் அந்தக் காரைப் பற்றியே பேசினேன். ஆசை என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குள் இருந்தது அந்த மிஷினின் கூவல்தான். நடுச்சாலையில் வெயில் கொதிக்கும்போது நின்றுபோகாத ஒரு வண்டி எனக்கு வேண்டும்.

முன்பதிவு செய்தேன். வரிசையில் இடம் உறுதி என்று மின்னஞ்சல் வந்தது. வீட்டில் படத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு சீட்டுதானா?"

நான் அதை யோசித்ததே இல்லை. ஓட்டுகிற நான், பக்கத்தில் நைனா. அவ்வளவுதான் இடம்.

"பின்னால சாமான் வெக்கிற எடம் பெருசா கீதும்மா" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே அசிங்கமாக இருந்தது.

நைனா கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். "எப்போ வரும்?"

"தெரியல நைனா. இன்னும் செஞ்சிக்கினு கீறாங்க. நம்ம ஊருக்கு எப்போன்னு சொல்லல."

"நான் கீறப்பவே வருமா?"

சாதாரணமாக, பஸ் எப்போது வரும் என்பது போலத்தான் கேட்டார். எனக்குத் தாமலசெருவு வெயில் மறுபடி தலையில் இறங்கியது. "வரும் நைனா" என்றேன்.

"வந்தா உங்கம்மாவ இட்டுக்கினு திருச்சானூர் கோயிலுக்குப் போய்ட்டு வா. ரொம்ப நாளா கேட்டுக்கினு கீறா. நான் வூட்ல கீறேன்."

அம்மா மிஷினின் பின்பக்கமிருந்த தூசி வடிகட்டியைக் கழற்றி, கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.