ஆணியில் தொங்கிய கறுப்புத் துணி

என் அலமாரியின் கீழ்த்தட்டில் நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரு கறுப்புத் துணி கிடந்தது. தலையையும் தோளையும் மூடுகிற அளவு. ஒரு மூலையில் ஆணியில் மாட்டுவதற்கென்று கயிற்றால் ஒரு காது தைத்திருக்கும். மனைவி ஒருமுறை அதைத் தரை துடைக்க எடுத்தபோது கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். அவளிடம் நான் அப்படி நடந்துகொண்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தத் துணி விளக்குக்காரருடையது. மலாய் நாடு சுதந்திரம் வாங்கப் போகிற வருடம், கடற்கரையோரத்தில் இருந்த ஓர் எண்ணெய்க் கிடங்கில் நான் கிராணியாக எழுத்து வேலை பார்த்தேன். பெட்ரோல் டாங்கிகளை அவ்வப்போது காலி செய்து, உள்ளே ஆட்களை இறக்கி, அடியில் தங்கிய கசடைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆள் இறங்குவதற்கு முன்னால் உள்ளே ஆவி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது விளக்குக்காரரின் வேலை. கம்போங் செட்டியைச் சேர்ந்தவர். பல தலைமுறைக்கு முன்பே இங்கு குடியேறிய தமிழ் இந்துக்களின் கிராமம் அது. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்தான். நடுவில் நம் சொல் ஒன்றிரண்டு வரும். கஜா பெராங்கில் எங்கள் வீடும் அவர் வீடும் கூப்பிடு தூரம். நான் அவரைப் பெரியவர் என்கிற மரியாதையில் 'பாக்' என்பேன். அவர் என்னைக் 'கிராணி' என்பார்.

நீளமான ரப்பர் குழாயை டாங்கியின் அடிவரைக்கும் இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் தூரமாக வந்து உட்கார்ந்துகொள்வார். கம்பி வலை போட்ட ஒரு விளக்கு இருக்கும். அதன் சுடரை அரிசியளவுக்குக் குறைத்து, ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி டாங்கியின் காற்றை அதற்குள் இழுப்பார். காற்றில் ஆவி இருந்தால் சுடரின் மேல் நீலமாக ஒரு குல்லாய் எழும்பும். அது வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் கறுப்புத் துணி. விளக்கோடு சேர்த்துத் தலையை மூடிக்கொண்டு, கண்ணை இருட்டுக்குப் பழக்கிவிட்டு, பிறகே பார்ப்பார். வெளியே நாங்கள் வெயிலில் நின்றுகொண்டு, "பாக் படம் பிடிக்கிறார், எல்லாரும் சிரிங்க" என்று கேலி பண்ணுவோம். அவர் பாட்டுக்குத் துணிக்குள் குமிழை அமுக்கிக்கொண்டிருப்பார்.

நீலம் இல்லையென்றால் அனுமதிச் சீட்டில் கைநாட்டு வைத்துக் கொடுப்பார். என் மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் அதைக் குத்தி வைப்பேன். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து சீட்டை எடுத்துப் போனால் ஆட்கள் இறங்கலாம். வேலை நின்றால் சீட்டு ஆணிக்கே திரும்பிவிடும். அதற்குள் டாங்கி வெயிலில் காய்ந்தால் கசடிலிருந்து மறுபடி ஆவி கிளம்பும். அப்போது பழைய சீட்டு செல்லாது. அதை எடுத்துக்காட்ட அவர் ஒன்றும் எழுதமாட்டார், எழுதத் தெரியாது. துணியைக் கொண்டுவந்து அதே ஆணியில் சீட்டின் மேல் மாட்டிவிட்டு, "பேலும்" என்பார். இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். துணி தொங்குகிறவரை அந்தச் சீட்டை யாரும் தொடக்கூடாது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம், ஆனால் வெள்ளைக்கார மேலாளர்கூட அதை மீறியதில்லை.

எனக்கு அது எரிச்சலாக இருந்தது என்பதை இப்போது ஒளிப்பதற்கில்லை. நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணினவன். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள், பெரிய கிராணியின் மேசை எனக்குத்தான் என்று பேச்சு இருந்தது. என் கையெழுத்தைவிடக் கைநாட்டுக்காரரின் கந்தல் துணிக்கு மதிப்பு அதிகமா என்று உள்ளே புகைந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்காக மத்தியானம் நெடுநேரம் வேலை நிற்கும். அவர் வீட்டில் அன்று முன்னோருக்குப் பழம் படைக்கிற நாள். துணியை ஆணியில் மாட்டிவிட்டு, மூன்று மணிக்கு வந்து மறுபடி பார்ப்பதாகச் சொல்லி சைக்கிளில் போனார். நான் பள்ளிவாசலிலிருந்து திரும்பி உட்கார்ந்ததும் மண்டோர் வந்து நின்றார்.

"கிராணி, ஆளுங்க சும்மா நிக்கிறாங்க. காலையிலதான் பாத்தாச்சே. மெர்டேக்கா சுதந்திர லீவுக்குள்ள டாங்கி முடியணும்னு மேல நெருக்குறாங்க."

"பாக் வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் திரும்பி, துணியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். தொழுகைக்குக் கழுவி ஒளு செய்த கை அது.

இரண்டு பேர் இறங்கினார்கள். உள்ளே ஆவி இருவரையும் மயக்கிச் சாய்த்துவிட்டது. ஒருவரைக் கயிறு கட்டி உயிரோடு இழுத்துவிட்டார்கள். இன்னொருவர், தோட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர், தினமும் என் மேசையில் வந்து தமிழ்ப் பத்திரிகை இரவல் வாங்குகிறவர், திரும்பவில்லை. விளக்குக்காரர் மூன்று மணிக்குச் சொன்னபடி வந்தார். சைக்கிள் கூடையில் எங்களுக்காகப் பழம் இருந்தது.

விசாரணையில் அதிகாரி அவரைக் கேட்டார்: "வழக்கமாகத் துணியை மாட்டுவீர்களாமே, அன்று மாட்டினீர்களா?" அவர் என்னைப் பார்த்தார். மாட்டினது அவருக்குத் தெரியும். துணி ஆணியில் இல்லாததும் தெரியும், அந்த ஆணிக்கு முன்னால் உட்கார்கிறவன் யார் என்பதும் தெரியும். அதிகாரி பக்கம் திரும்பி, "லூபா, துவான்" என்றார். மறந்துவிட்டேன், ஐயா. நானும், அவசரப்படுத்திய மண்டோரும் வாயைத் திறக்கவில்லை. இறந்தவரின் மனைவி இடுப்பில் பிள்ளையோடு வெளியே நின்று அவரைச் சபித்தாள். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பத்தடி தள்ளி நின்றேன்.

அவருக்கு வேலை போயிற்று. மார்க்கெட்டில் மூட்டை இறக்கினார். எனக்குப் பெரிய மேசை கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்தப் படையல் நாளில் அவர் வீட்டிலிருந்து எனக்கு ஒரு கூடை பழம் வரும். முதலில் அவரே கொண்டுவந்தார். "படைக்கிறதுக்கு முன்னால எடுத்து வச்சது, கிராணி, நீங்க சாப்பிடலாம்" என்பார். கூடையை இறக்கிவைத்த பிறகும் வாசலிலேயே நிற்பார். பிறகு போய்விடுவார். முடியாமல் போனபின் மகளை அனுப்பினார். அவர் கண்மூடி மௌத்தான பிறகும் கூடை வருவது நிற்கவில்லை. அந்தப் பழங்களில் ஒன்றைக்கூட நான் வாயில் வைத்ததில்லை. பிள்ளைகள் தின்பார்கள், நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

போன மாதம் மகன் குருபோங்கில் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு என்னைக் கூட்டிப்போனான். கூரையோரம் கண்போல் ஒரு கருவி. தீ மூண்டால் பார்த்துவிடுமாம். இன்னொரு ஜோடி, ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பது. நடுவே வாயு கசிந்தால் கண்டுபிடித்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுமாம். "யார் சொன்னாலும் கேட்காது, அத்தா. முதலாளியே வந்தாலும் சும்மா கழற்றிவைக்க முடியாது" என்றான் பெருமையாக. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கி வந்தான்.

மறுநாள் துணியை எடுத்துக்கொண்டு கம்போங் செட்டிக்குப் போனேன். மகளுக்கும் நரைத்துவிட்டது. துணியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். செத்தவரின் மனைவியைத் தேடிச் சொல்ல வழியில்லை, அவள் எங்கே போனாளென்று யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன்.

"சூடா தாவு, மாமா," என்றாள். எப்போதோ தெரியும். "அப்பா அன்னைக்கே சொல்லிட்டார். துணி கிராணிகிட்ட இருக்கு, அவரே ஒருநாள் எடுத்துக்கிட்டு வருவார், நாம போய்க் கேக்கக்கூடாதுன்னு."

அவர்கள் மலாயில் அவள் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன். "நான் உங்க வீட்ல பழம் குடுத்துட்டுத் திரும்பினதும் முதல் கேள்வி அதுதான். கிராணி ஏதாச்சும் சொன்னாரான்னு கேப்பார். கடைசி வருஷம் படுக்கையில கிடந்தும் கேட்டார்."

"நீ என்ன சொல்வாய்?"

"பேலும்னு சொல்வேன்."

அவள் துணியை வாங்கிப் பார்த்தாள். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். இப்போது அது வீட்டில் என் மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதன் அடியில் சீட்டு எதுவும் இல்லை.