ஒரு கிச்சாப் போத்தல்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த இரண்டாவது வருடம் அது. மலாக்கா காஜா பெராங்கில் இருந்த ஒரு மிஷன் கிளினிக்கில், நோயாளிகளுக்கு மருந்து ஊற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு. வேலை என்றதும் சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியானம் ஒரு தட்டு அவித்த மரவள்ளிக்கிழங்கு, அவ்வளவுதான். அதற்கே ஆள் போட்டி போட்ட காலம்.

சண்டைக்கு முன்பு, கடல் தாண்டி எங்கிருந்தோ சபைக்காரர்கள் பெட்டி பெட்டியாக மருந்தும் பஞ்சும் போத்தலும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஏழைகளுக்கு எல்லாமே இலவசம். சண்டை வந்ததும் பெட்டிகள் நின்றுபோயின. வெள்ளைக்கார டாக்டரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது வயதான ஒரு தமிழ் நர்ஸ். அவரைப் பெரிய மிஸ்ஸி என்போம். அப்புறம் நான். கட்டுப் போட அக்கம்பக்கத்து மலாக்கா செட்டி வீடுகளில் பழந்துணி கொடுப்பார்கள். பண்டார் ஹிலிரில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் விறகு அனுப்புவார். இப்படி ஆளுக்குக் கொஞ்சம் தாங்கித்தான் அந்தக் கிளினிக் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு இருபத்தாறு வயது. கை சுத்தம், வாய் நீளம். நோயாளிகள் என்னையும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று ஒரு நாளும் அவர்களைத் திருத்தியதில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அப்போதெல்லாம் தண்ணி மருந்துதான் அதிகம். வாங்க வருகிறவர்கள் போத்தல் கொண்டு வரவேண்டும். ஒருமுறை யாரோ மண்ணெண்ணெய் போத்தலைச் சரியாகக் கழுவாமல் கொண்டுவந்து, மருந்து வாங்கிப் போய்க் குடித்துவிட்டு, வாந்தி எடுத்துப் பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. “அழுக்குப் போத்தல்ல ஊத்தாதம்மா” என்று பெரிய மிஸ்ஸி சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். நானாக அதை இழுத்து, போத்தல் இல்லாவிட்டால் மருந்து இல்லை என்று சட்டமாக்கிவிட்டேன். ஒரு காலிப் போத்தலைக் கண்ணால் பார்ப்பதே அரிதாயிருந்த நாளில்!

ஒரு நாள் காலை, ஜன்னலுக்கு முன் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். ஆயர் குரோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். இருட்டோடு கிளம்பி நடந்தே வந்திருந்தார். கால் முழுக்கச் சேறு.

“மிஸ்ஸி, பிள்ளைக்கு மூணு நாளா குளிர்காய்ச்சல். கண்ணு சொருகிப் போவுது.”

“தூக்கிட்டு வர வேண்டியதுதானே?”

“தூக்குனா வலிப்பு வருது மிஸ்ஸி. அதான் அதோட அம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன்.”

குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்து அன்று இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. போத்தலைக் கேட்டேன். அவர் நீட்டியது ஒரு மங்கு. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டி வைப்பார்களே, அந்த மண் கோப்பை. தேய்த்துத்தான் கொண்டு வந்திருந்தார். ஆனாலும் புளித்த பால் வாடை போகவில்லை.

“ஏம்ப்பா, இதுலயா மருந்து ஊத்துறது? மூடி கூட இல்ல. பாதி வழியில எல்லாம் கொட்டிடும்.”

“கொட்டாது மிஸ்ஸி. பத்து வருஷமா பால் வாளி தூக்குறேன். மேடு பள்ளம்னு பார்க்காம தூக்குவேன், ஒரு சொட்டு சிந்துனதில்ல. அலுங்காம கொண்டு போயிடுவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டேன். “போய் ஒரு போத்தல் கொண்டாங்க, தர்றேன்” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றார். பிறகு மங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை வருடமும் நான் யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். என் காலடியில் ஒரு பை இருந்தது. பைக்குள் ஒரு போத்தல் இருந்தது. அன்று காலையில்தான் ஒரு புடவையைக் கொடுத்து, அரைப் போத்தல் தேங்காயெண்ணெய் மாற்றியிருந்தேன். எண்ணெயை ஒரு சட்டியில் ஊற்றி வைத்துவிட்டு, அந்தப் போத்தலை வெந்நீரில் கழுவிக் கொடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. அவர் ஒதுங்கி நின்றாரே, அப்போது தோன்றியது. எனக்கென்ன வந்தது என்று காலால் பையை உள்ளே தள்ளிவிட்டேன். பின்னால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெரிய மிஸ்ஸியிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் அவர் மறுபடி வந்தார். கையில் ஒரு கிச்சாப் போத்தல். சீனர்கள் சமையலுக்கு ஊற்றும் கறுப்புக் குழம்பு வருமே, அந்தப் போத்தல். பளிச்சென்று கழுவி, ரப்பர் கட்டையில் மூடி செதுக்கிச் செருகியிருந்தார். அன்றைக்குப் போட்டிருந்த சட்டை உடம்பில் இல்லை.

“பாத்தீங்களா, தேடுனா கிடைக்குதுல்ல!” என்று பெருமையாக வாங்கினேன். மோந்து பார்த்தேன். துளி வாடை இல்லை. மருந்தை எடுத்துக்கொண்டே, “பிள்ளை எப்படி இருக்கு?” என்றேன்.

“பிள்ளைக்கு இல்லீங்க மிஸ்ஸி. நேத்து காலையில அடக்கம் பண்ணிட்டோம்.”

எடுத்த மருந்தைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

“முந்தாநாள் இங்கேருந்து போயி, சீனன் கடையில சட்டைய குடுத்துத்தான் வாங்குனேன். திரும்ப வர்றதுக்குள்ள உங்க ஜன்னல் மூடிட்டாங்க. வீட்டுக்குப் போனேன், விடியறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” போத்தலைக் காட்டிச் சொன்னார். “இந்தப் போத்தல் இங்கேயே இருக்கட்டும். என்னை மாதிரி யாராச்சும் இல்லாம வந்தா, இதுல ஊத்திக் குடுங்க.”

அந்தக் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால், ஜன்னலை உடைத்திருந்தால் கூட எனக்கு நல்லதாயிருந்திருக்கும். “அண்ணே” என்று ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே நடந்து போனார். பெயரைக் கூட நான் கேட்கவில்லை.

பெரிய மிஸ்ஸியிடம் அழுதுகொண்டே சொன்னேன். எண்ணெய்ப் போத்தலை மட்டும் மறைத்துவிட்டேன். “வலிப்பு வந்த பிள்ளை, குடுத்திருந்தாலும் பிழைச்சிருக்குமோ என்னவோ” என்று என்னைத் தேற்றினார். அந்த ‘என்னவோ’வை இன்றுவரை என்னால் தாண்ட முடியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் எண்ணெயைச் சட்டியில் ஊற்றினேன். போத்தலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, மறுநாள் கிச்சாப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாங்கிப் போனவர்கள் காலிப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சிலர் இன்னொன்றும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். சண்டை முடியும்போது ஒரு பலகை நிறையப் போத்தல்கள் நின்றன. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அப்போதும் வாயைத் திறந்து நான் உண்மையைச் சொல்லவில்லை.

இன்று யாராவது வெறுங்கையோடு என் வாசலில் வந்து நின்றால், என் காலடியில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஒரு பிள்ளையைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பழக்கம் அது, அதுவும் என் பிள்ளையை அல்ல.