விபூதிக்கு எக்ஸ்ரே எடுத்த கதை

"உங்க விபூதியில ஏதோ கலப்படம்னு ஆளுங்க பேசிக்கிறாங்க அண்ணே" என்றார் கிள்ளான் கோயில் தலைவர். மலேசிய அரசு கொடுத்த பட்டத்தால் ஊருக்கே அவர் டத்தோ.

அந்தக் கோயிலுக்கு விபூதி கொடுப்பது என் கடை. பிரிக்ஃபீல்ட்ஸில் கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் ஒரு மேசை போட்டு ஆரம்பித்தவன் நான். இன்று மூன்று கடை. படிப்பு, ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அதற்கு மேல் படித்திருந்தால் எங்காவது சம்பளத்துக்கு நின்றிருப்பேன்.

டத்தோவின் மேசையில் இன்னொரு பொட்டலம் இருந்தது. ஈப்போவிலிருந்து யாரோ கொடுத்த சேம்பிள், பால் வெள்ளை. என்னுடையது சாம்பல் நிறம். சாம்பல் சாம்பல் நிறத்தில் இருப்பது டத்தோவுக்குச் சந்தேகமாகப் பட்டிருக்கிறது. பெரிய மூளை.

ஆர்டர் போனால் போகட்டும். கலப்படக்காரன் என்ற பெயர் வந்தால் மூன்று கடையும் படுத்துவிடும். "நிரூபிச்சுக் காட்டுறேன்" என்று இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் வாடிக்கையாளர் டாக்டர் கலைச்செல்வி. ஊசி போடும் டாக்டர் இல்லை. பல்கலைக்கழக லேப்பில் கல், பொடி எல்லாம் ஆராய்கிறவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

"சட்டையக் கழட்டணுமா டாக்டர்?"

"எக்ஸ்ரே உங்களுக்கு இல்ல அங்கிள், விபூதிக்கு!"

விபூதியைச் சின்னத் தட்டின் குழியில் போட்டு, கண்ணாடித் துண்டால் அழுத்திச் சமமாக்கி, பீரோ அளவு மெஷினுக்குள் வைத்தார்.

"ஒவ்வொரு வகைக் கல்லுலயும் அணுக்கள் அதுக்குன்னு ஒரு வரிசையில நிக்கும். எக்ஸ்ரே அதுல பட்டு எந்தெந்தக் கோணத்துல திரும்புதுன்னு பார்த்தா, என்ன கல்லுன்னு சொல்லிடலாம்."

"கைரேகைய வச்சுத் திருடனைப் பிடிக்கிற மாதிரி?"

"அதேதான்."

முதலில் ஈப்போ சரக்கு. கம்ப்யூட்டர் கிராப்பில் கம்பம் நட்டது மாதிரி நேர்நேராகக் கூர்முனைகள், டாக்டர் பாஷையில் பீக்குகள். "வெறும் சுண்ணாம்புக் கல். வேற ஒண்ணுமே இல்ல. பெயிண்ட்ல கலக்குறதும் இதே பொடிதான்" என்று சிரித்தார்.

அடுத்து என்னுடையது. அடியில் மாட்டுத் திமில் மாதிரி ஒரு மேடு, அதன் மேல் சின்னதும் பெரிசுமாகக் கண்டபடி பீக்குகள்.

"உங்களுதுல மணல் இருக்கு அங்கிள்."

எனக்குப் பிரஷர் ஏறியது. "மணலா? நான் என்ன சிமெண்ட் வியாபாரமா பண்றேன்?"

"டென்ஷன் ஆகாதீங்க லா. சாணிய எங்க காய வைக்கிறீங்க?"

"தரையிலதான். மாட்டுக்கு டைல்ஸா போட முடியும்?"

"அப்போ மண்ணு ஒட்டத்தானே செய்யும்? புல்லுல உள்ள சத்தும் சேர்ந்து வரும். சாணிச் சாம்பல்னா இப்படிக் கலவையாத்தான் இருக்கும். இவ்வளவு சுத்தமா ஒரே பொருளா இருந்தாத்தான் சந்தேகப்படணும்."

இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேண்டும்? எந்தப் பீக் எந்தப் பொருள் என்று டாக்டர் பெயர் எழுதிக் கொடுத்த இரண்டு கிராப்பையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கோயில் கமிட்டி முன்னால் போய் விரித்தேன்.

டத்தோ கண்ணாடியை மாட்டி நிதானமாகப் பார்த்தார்.

"இந்த ஈப்போக்காரர் கோடு எவ்வளவு கிளீனா நிக்குது பாருங்க! உங்களுது என்ன அண்ணே, குழி விழுந்த ரோடு மாதிரி இருக்கு?"

"டத்தோ, அது கல்லு. இதுதான் சாணி."

"மணல் இருக்குன்னு இதுலயே போட்டிருக்கே. நாங்க சொன்னா மட்டும் கோவம் வருது."

கமிட்டி மொத்தமும் தலையாட்டியது. ஆர்டர் ஈப்போவுக்குப் போனது. என் காசில் பெட்ரோல் போட்டு, என் கையாலேயே எதிராளிக்கு நற்சான்று வாங்கிக் கொடுத்த ஒரே வியாபாரி நான்தான். இந்தச் சாதனையையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைகள் படுக்கவில்லை. என் கிராப்பைப் பிரேம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டினேன். "யாரோட ஈசிஜி அங்கிள்?" என்று கேட்பார்கள். "மாட்டோடது" என்பேன். கேட்டவர் சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலம் வாங்கிப் போவார்.

போன தைப்பூசத்துக்கு முன்னால் டத்தோவின் டிரைவர் கடைக்கு வந்தார்.

"பாஸ், அந்தச் சாம்பல் கலர் விபூதி ரெண்டு பாக்கெட். டத்தோ வீட்டுக்கு. கோயில் விபூதி அவருக்கு நெத்தியெல்லாம் அரிக்குதாம்."

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஆதாரம் தேடி அலையும் முன், கேட்டவருக்கு உண்மை வேண்டுமா, வெள்ளை வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளை அரித்த பிறகுதான் அவருக்கு உண்மை வேண்டியிருக்கும். அதுவரை கடையைத் திறந்து வைத்திருங்கள்.