பாதித் துடிப்பில் நின்ற இதயம்

எட்டாம் வகுப்புக்கு இன்று இதயப் பாடம். உள்ளே ரத்தம் ஓடுவதைச் சுழற்றிக் காட்டும் இணையதளம் ஒன்றை ஒரு வாரம் தேடிப் பிடித்திருந்தேன்.

எரியோடு பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியில் நெட் கிடையாது. என் போனை ஜன்னலில் வைத்து, அந்த ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப்பில் பாடத்தை ஓட்டினேன். பிள்ளைகள் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார்கள்.

அப்போதுதான் தலைமையாசிரியர் வந்தார்.

"டீச்சர், ஆன்லைன் ட்ரெய்னிங் ஆரம்பிச்சுட்டாக. வெரசா ஜாயின் பண்ணுங்க. கேமரா ஆன்லயே இருக்கணுமாம்."

"சார், இந்தப் போன் நெட்லதான் பாடமே ஓடுது."

"பாடத்த நாளைக்குப் பாத்துக்கலாம்மா. அட்டெண்டன்ஸ் இன்னைக்குத்தான் எடுப்பாக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போனை எடுத்தேன். திரையில் இதயம் பாதித் துடிப்பில் நின்றது.

"அம்புட்டுத்தானா டீச்சர்?" என்றாள் முன்பெஞ்சு செல்வி.

இரண்டு மணி நேரப் பயிற்சி. தலைப்பு: 'வகுப்பறையில் இணையத்தைப் பயன்படுத்துவது எப்படி?'

கடைசியில் ஒரு படிவம். 'இன்றைய பயிற்சியால் உங்கள் மாணவர்கள் அடைந்த பயன் என்ன?' இதை நிரப்பாமல் வெளியே வர முடியாதாம்.

வாயில் வருவதை எழுதினால் என் வேலை போய்விடும். கமெண்டில் நீங்களே நாகரிகமாக ஒன்று எழுதிக் கொடுங்கள்.