கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தகப்பன்

எழுபதுகளில், சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரருக்குத் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் வேலை, மதியத்தோடு முடிந்துவிடும். நான் சாயங்காலம் வரை கொழுந்து பறிக்க வேண்டும். கைக்குழந்தை மகளுக்கு ஓயாத இருமல். அதனால் மதியமே அவளை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் கொட்டகையிலிருந்து கம்பளிக்குள் மறைத்து எடுத்துவந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவர் பார்த்துக்கொள்வார். ஆண்பிள்ளை குழந்தைக்குக் கால் கழுவி விடுவதை யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடுமாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நான் கேலி செய்வேன். லயத்தில் எல்லோரும் அவர் சீட்டாடப் போகிறார் என்றே நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

ஒரு நாள் பனி இறங்கிய மத்தியானம், மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, கீழே லயத்துப் பக்கம் தகரம் தட்டும் சத்தம் கேட்டது. யானை வந்தால்தான் அப்படித் தட்டுவார்கள். யாரும் இறங்கக் கூடாது என்றார் கங்காணி. லயத்திலிருந்து மேலே ஓடிவந்தவர்களில் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்துக் கேட்டேன்.

"ஒங்க வீடு சாத்திக் கெடந்துச்சு மதினி. ஆளில்லன்னு கூப்பிடாம வந்துட்டோம். யானை அங்கதான் நிக்கிது."

 மகள் ஒரு தடவை இருமினால் யானைக்குக் கேட்டுவிடும். கூடையை எறிந்துவிட்டு ஓடினேன். பனிக்குள் கறுப்பாகத் தெரிந்த ஒவ்வொரு பாறையும் அசைவதுபோல் இருந்தது. அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன்பும் பட்டதில்லை, பின்பும் பட்டதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது யானை சோலைக் காட்டுக்குள் இறங்கிவிட்டிருந்தது. அடுப்படிச் சுவர் இடிந்து, அரிசி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. இடிந்த வழியாகவே உள்ளே போனேன். முன்னறை மூலையில் அவர் கம்பளியைப் போர்த்திக் குத்தவைத்திருந்தார். விலக்கிப் பார்த்தேன். சத்தம் வராமலிருக்க அவர் கொடுத்த விரலைச் சப்பியபடி மகள் விழித்திருந்தாள். புதிதாக முளைத்த பல் பதிந்து விரலில் ரத்தம் கசிந்திருந்தது.  நான் கை நீட்டியும் குழந்தையைத் தரவில்லை.

மறுநாள் வேலை முடிந்து இறங்கி வந்தேன். கதவை விரியத் திறந்துபோட்டு, வாசற்படியில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகிற வருகிற ஆண்கள் சிரித்தார்கள். அவ்வளவு கேலி செய்த எனக்கே வெட்கமாகிவிட்டது. உள்ளே போய் உட்காரலாமே என்றேன்.

"சாத்தி வச்சுத்தான, புள்ள, சாகக் கெடந்தோம்" என்றார்.