முதுகில் வலிக்காத இடம்

கோடை தன் உச்சத்தில் நின்றது. வானம் வெளிறிக் கிடந்தது; மரங்கள் இலையசைக்கவும் மறந்திருந்தன. உலகமே ஒரு பெரும் உலையின் முன் வாய்பொத்தி அமர்ந்தது போன்ற நண்பகல். பேய் என்றதும் நாம் இருட்டைத் தேடுகிறோம். இது பட்டப்பகலில் நடந்தது. நடந்தது என்பதில் ஐயம் வேண்டாம். கண்டவர் தீக்காயப் பிரிவின் தலைமைச் செவிலி. பொய் அவர் நாவில் ஏறாது.

ஒருவன் தன் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான்.

"வெந்நீரைக் கொட்டிக்கிட்டா சிஸ்டர். கண்ணைப் பொடனியில வச்சுக்கிட்டுத்தான் நடப்பா," என்று சிரித்தான்.

செவிலி அவள் கைகளைப் பார்த்தார். சிவந்த தோல், நீர்கோத்த கொப்புளங்கள். விரலால் அழுத்தினார். வெளுத்தது, விட்டதும் சிவப்பு திரும்பியது. அவள் அலறினாள்.

"கத்தும்மா, நல்லா கத்து. வலிச்சா நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம். இரண்டாம் நிலைதான், ஆறிடும்."

"அப்ப கட்டுப் போட்டு அனுப்பிடுங்க," என்றான் கணவன். அருகிலேயே நின்றான். அசையவில்லை.

உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்ப்பது அங்கே முறை. அவன் அவசரப்படுத்தியதில் அன்று அது தவறியது. கட்டுத் துணி எடுக்கச் செவிலி உள்ளறைக்குப் போனார்.

திரைக்குப் பின்னால் ஸ்டூலில் ஒருத்தி அமர்ந்திருந்தாள். முதுகைக் காட்டியபடி. இடது காது மடல் கிழிந்திருந்தது.

"என்னையும் பாருங்க சிஸ்டர்."

முதுகெல்லாம் கரி. நடுவில் மட்டும் வெள்ளை... இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில். செருப்புத் தோல் போல் விறைத்த வெள்ளை.

அழுத்தினார். நிறம் மாறவில்லை.

ஊசி முனையால் தொட்டார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல."

மூன்றாம் நிலை. நரம்பே வெந்துவிட்டது. அறையில் மயிர் கருகும் நாற்றம்... ஆனால் குளிர்ந்தது.

"எப்ப ஆச்சு?"

"என்னை விடுங்க. அவ முதுகைப் பாருங்க... அவனோட அனுப்பிடாதீங்க."

ஊசியைத் தட்டில் வைத்து, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

ஸ்டூல் காலி.

அந்த அறைக்கு வேறு வாசல் இல்லை.

ஓடினார். கணவன் மனைவியை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். செவிலி அவளைப் பற்றித் திருப்பி, சட்டையின் முதுகைக் கத்தரியால் கிழித்தார்.

வெள்ளை.

அதே வடிவம்.

அவன் பாய்ந்தான். மருந்துப் புட்டி தொங்கிய கம்பியைப் பிடுங்கி ஓங்கினான். செவிலியின் நெற்றி பிளந்தது. இரத்தம் கண்ணை மறைத்தது. ஆனாலும் அவர் அவள் தோளை விடவில்லை. ஓடிவந்த காவலாளி அவனைச் சுவரில் மோதித் தள்ளினார். பல் ஒன்று தரையில் தெறித்தது.

போலீசார் அவனைக் கொண்டுபோன பிறகே அவள் வாய் திறந்தாள்.

"முதல்ல துடிச்சேன், அப்புறம் முதுகு வலிக்கவே இல்ல சிஸ்டர். அதான் பெருசா இருக்காதுன்னு பேசாம இருந்துட்டேன். வெந்நீரை அப்புறம்தான் கையில ஊத்துனான்... என் அலறல் கேட்டுக் கூடுன அக்கம்பக்கத்துக்கும் உங்களுக்கும் சொல்ல ஒரு காரணம் வேணும்ல."

"உள்ள ஒரு பொண்ணு உக்காந்திருந்தாளேம்மா. இடது காது மடல் கிழிஞ்சு... உங்ககூட வந்தவளா?"

அவள் சட்டென நிமிர்ந்தாள்.

"அது என் அக்கா. அவனுக்கு முதல்ல வாக்கப்பட்டவ. அடுப்பு வெடிச்சுச் செத்துட்டாள்னு சொல்லித்தான் என்னைக் கட்டி வச்சாங்க. இன்னிக்குப் பெட்டியை அழுத்தும்போது அவனே சொன்னான்... அவ முதுகுல இருந்த தடத்தை மறைக்கத்தான் கொளுத்தினானாம்."

நெற்றியில் தையலோடு செவிலி உள்ளறைக்குத் திரும்பினார். கழற்றிப் போட்ட கையுறையின் விரல்நுனிகளில் கரி படிந்திருந்தது.

ஒரு குவளைத் தண்ணீரை அந்த ஸ்டூலின்மேல் வைத்தார். கண்மூடிக் கைகூப்பினார்.

வெந்தவளே, குளிர்க. உன் தங்கையின் புண் ஆறுக. அவள் நெடுநாள் வாழ்க. எவ்வீட்டிலும் தீ, அடுப்பின் அளவிலேயே நிற்பதாக.