வண்டு ஆபீசர்

என் தங்கை எனக்கு வைத்த பெயர் 'வண்டு ஆபீசர்'. அரசாங்க வேலையில் சேர்ந்த புதிதில் வடக்கே நெல் வயல்களில் அலைந்தேன். பிறகு நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு மாற்றலாகி, அவசரத் தேவைக்கென்று நாடு சேர்த்து வைக்கும் அரிசிக் கிடங்கில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். அரிசியில் வண்டு விழாமல் பார்த்துக்கொள்ள ஒரு மனுஷனுக்குச் சம்பளம், பென்ஷன் எல்லாம் உண்டு என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. நாங்கள் பிறந்ததும் அதே மாநிலத்தில், லுக்குட் பக்கத்து எஸ்டேட்டில். அவள் அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் உதிரிப் பழம் பொறுக்கும் வேலையில் இருந்தாள். லீவுக்குப் போனால் போதும், வண்டு ஆபீசர் வந்துட்டார், அரிசி டின்னை மூடுங்க என்று லைன் வீடுகள் முழுக்க அறிவித்துவிடுவாள்.

அவள் கிண்டல் கிடக்கட்டும், எனக்கு அந்த வேலை உயிர். மூட்டைகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருப்போம். ஓர் அடுக்கை வெளியே அனுப்புமுன் மேலே ஏறி, உச்சி, நடு, அடி என்று எல்லா இடத்திலும் குத்தூசியைச் செருகி, வந்த அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்க வேண்டும். வெளி வரிசை மூட்டைகளில் காற்றுப் படும், அவை நன்றாகவே இருக்கும். வண்டு நடுவில் இருக்கும் சூட்டில்தான் குடித்தனம் நடத்தும். யாராவது சோம்பல்பட்டுக் கீழே நின்றபடி குத்தினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கத்தித் தீர்த்துவிடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் எங்கள் எஸ்டேட் பாதையை மூடிவிட்டது. லைன் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, சனங்கள் கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். உடனே அரிசி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. மழை சற்று விட்டிருந்தது. இப்போதே கிளம்பினால்தான் உள்ளே போக முடியும் என்று லோரி டிரைவர் அவசரப்படுத்தினார். தங்கை பட்டினி கிடப்பாளே என்பது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது. நான் மேலே ஏறவில்லை. கைக்கு எட்டிய இரண்டு மூட்டைகளைக் குத்திப் பார்த்தேன். அரிசி முத்து முத்தாக இருந்தது. நல்ல அரிசி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தங்கையோடு பேச போன் கிடைத்ததும், அரிசி எப்படி என்றுதான் முதலில் கேட்டேன். மல்லிகைப் பூ மாதிரி இருக்கிறது என்றாள். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அதையே ஒரு பெருமையாக்கிக்கொண்டேன். என் கையெழுத்தில் போன அரிசியை என் தங்கச்சியே சாப்பிட்டாள், ஒரு குறை உண்டா என்று ஸ்டோரில் எத்தனை பேரிடம் அளந்திருப்பேனோ தெரியாது. ஓய்வு பெற்ற அன்று விருந்தில்கூட அதைத்தான் சொன்னேன்.

போன தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போனபோது, அவள் புருஷனிடமும் அதே கதையை எடுத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"எந்த அரிசி மச்சான்? மண்டபத்துல பொம்பளைங்க எல்லாம் ரெண்டு நாளா புடைச்சாங்களே, அதுவா? வண்டு நடந்து போச்சு லா."

அடுப்படியிலிருந்து தங்கை அவரை அதட்டினாள். பிறகு அவரே மெதுவாக மிச்சத்தையும் சொன்னார். அண்ணன் காதுக்கு இது போகக்கூடாது என்று மண்டபத்தில் ஒவ்வொருத்தியிடமும் அவள் சத்தியம் வாங்கியிருந்தாளாம். பிள்ளைகளிடம்கூட.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவள்மேல் கோபமும் வந்தது. ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

"சொன்னா நீ சும்மா இருப்பியா? உன் மேல நீயே ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டு வந்து நிப்பே. வண்டைப் புடைச்சா போயிரும்ணே. உன் வேலை போனா எங்க போய்ப் பொறுக்குறது?"

அவள் சொன்னது உண்மைதான். எழுதித்தான் கொடுத்திருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இலையில் சோறு வைத்தாள். பழக்க தோஷம், என்னையறியாமல் குனிந்து பார்த்தேன். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"நல்லா கிளறிப் பாருண்ணே," என்றாள். "நடுவுலயும் பாரு."